மாமிக்கு நான் செய்த நத்தார் மடல்

வருங்கால மாமியாரிடம் கைவேலையைக் காட்டப் போகவே கூடாது. கடையில் ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் சிரித்தபடி இருந்துவிட்டு, மரியாதையாக எழும்பி வந்துவிட வேண்டும். இந்தப் புத்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது.

ஜெயனும் நானும் கலியாணம் என்று முடிவெடுத்துவிட்டோம். அவனுடைய அம்மா மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை. அவர்கள் புளியந்தீவு மெதடிஸ்ட் குடும்பம், நான் செங்கலடிச் சைவக்காரி. "நத்தாருக்கு வரச்சொல்லு, பாப்பம்" என்று சொல்லியிருந்தா. அந்தப் 'பாப்பம்' பரீட்சை மாதிரிப் பட்டதால், என் கையாலேயே ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மடல் செய்து அசத்திவிடுவோம் என்று நினைத்தேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஐரிஸ் போல்டிங்காம். மட்டையில் நட்சத்திர வடிவில் ஓட்டை வெட்டி, அதைக் கவிழ்த்துப் போட்டு, நீளமாக வெட்டி மடித்த தாள் கீலங்களை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் மிஞ்சும் சின்ன ஓட்டையை ஒரு மினுங்கல் தாளால் மூடினால் சரி. வேலை முழுக்கப் பின்பக்கத்தில்தான். முன்பக்கம் என்ன வருகிறது என்று திருப்பினால்தான் தெரியும். (இதெல்லாம் எனக்கொரு வேலையா என்று வேறு நினைத்தேன். திமிர்!)

தாளுக்கு அண்ணனைப் பிடித்தேன். அவனுக்கு அச்சகத்தில் வேலை. அச்சுப் பிழைத்துப்போன தாள் ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டான். கரையெல்லாம் ஊதாவும் தங்க நிறமும், அப்படியொரு பளபளப்பு! நடுவில் என்ன அடித்திருக்கிறது என்று ஆர் பார்த்தது? கரைகளை மட்டும் வெட்டிக் கீலமாக்கினேன்.

நத்தார் காலையில் பார்த்தால் நடு ஓட்டை இன்னும் திறந்தபடி கிடக்கிறது. வாசலில் ஜெயன் மோட்டார் சைக்கிள் ஹோர்னை விடாமல் அடிக்கிறான். மிஞ்சிக் கிடந்த தாளில் ஒரு துண்டைக் கிழித்து, பளபளப்புப் பக்கத்தைக் கீழே வைத்து, டேப் போட்டு ஒட்டி, கவருக்குள் தள்ளிக்கொண்டு ஓடினேன். திருப்பிப் பார்க்கவில்லை.

வீடு நிறையச் சனம். எல்லோருக்கும் முன்னால் மாமி மடலை எடுத்தா.

"கையாலயா செஞ்சனீ புள்ள?"

"ஓம் மாமி" என்றேன். பெருமை தாங்கவில்லை.

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடலைக் கிட்டக் கொண்டுபோனா. ஊதா நட்சத்திரத்தின் நடுவிலிருந்து ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனுசக் கண்! மேலே அடர்ந்த நரைப் புருவம், புருவத்தில் ஒரு தழும்பு.

"இது எங்கட பெரியண்ணன்ட கண்ணெல்லோ!"

அந்த வருசம் காலமாகிப்போன மாமியின் தமையனுக்குப் படம் போட்டு நினைவு மலர் அடித்தது என் அண்ணன் வேலை செய்யும் அச்சகம்தானாம்; பிழைத்துப்போன அந்தத் தாள்தான் என் கைக்கு வந்திருக்கிறது. (மட்டக்களப்பில் வேறு அச்சகமா இல்லை?)

"ஐயோ மாமி, சத்தியமா எனக்குத் தெரியா" என்று குழறினேன். ஜெயன் கூரையைப் பார்த்தான். என் கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். செங்கலடி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் யோசனை ஓடியது.

மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறா என்று பயந்துபோய்ப் பார்த்தால் சிரிப்பு. பிறகு அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக.

"வருசா வருசம் கூப்பிடாமலே வந்து முதல் துண்டு கேக்கத் திங்கிற மனுசன். இந்த முறை அவர் இல்லையே எண்டு விடியத் தொட்டு என்ட நெஞ்சு கிடந்து துடிச்சது. நீ கூட்டிட்டு வந்திட்டியே புள்ள!"

முதல் துண்டு கேக்கை மாமி என் வாயில் ஊட்டிவிட்டா. ஓம் என்று வாயால் சொல்லாவிட்டாலும், அடுத்த கிழமையே ஜெயனை எங்கள் வீட்டுக்கு அனுப்பி நாள் பார்க்கச் சொன்னா.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். நான் இன்னும் ஒவ்வொரு நத்தாருக்கும் மடல் செய்கிறேன். கவரை நீட்டினால் மாமி உடனே திறக்கமாட்டா. கதவில் தட்டுவதுபோல விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதைக் கிட்ட வைத்துக் கேட்பா:

"உள்ளுக்க ஆரு?"