நெரிசல் வெளியான நாள்

ராஜகோபுரம் பல நூறு ஆண்டுகள் மொட்டையாகவே நின்ற ஊர் ஸ்ரீரங்கம். அதன் அடியில் பொறுமையாகக் காய்கறி வாங்கிக்கொண்டு போன பரம்பரை எங்களுடையது. அப்பேர்ப்பட்டவர்கள், ஒரு வீடியோ கேம் ஆறு வருடம் இழுத்ததற்கு என்னை விசாரணைக் கைதி போல நடத்தியது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் கூடப் படித்த ஜாகிரும் ஆரம்பித்த கேம் அது. நிரல் எழுதுவது நான், படம் வரைவது அவன். பெயர் 'நெரிசல்'. கல்யாணத்துக்கு முதல் நாள், மலைக்கோட்டைக் கடைவீதி. விளையாடுபவர் ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்குள் புகுந்து, முகூர்த்தப் புடவை வாங்கி, சிறுமியைத் தொலைக்காமல் மண்டபம் போய்ச் சேர வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே போனவர்களுக்குத் தெரியும், துப்பாக்கிச் சண்டை இதைவிட எளிது.

ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். (இருபத்தொரு வயதில் எல்லாமே ஒரு வருடத்தில் முடியும்.) முதலில் கூட்டம் நடக்க மறுத்தது. நடக்க வைத்தால், எல்லோரும் ஒரே புடவைக் கடைக்குள் நுழைந்து, பின்சுவரைத் துளைத்துத் தெப்பக்குளத்தில் விழுந்தார்கள். அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, நாங்கள் நம்பியிருந்த மென்பொருளை அதை உருவாக்கியவர்களே கைகழுவிவிட்டார்கள். முதலிலிருந்து எழுதினோம். அப்புறம் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் தில்லைநகர் மாடி அறை ஒழுகி, கம்ப்யூட்டர் துலா ஸ்நானம் செய்தது. மறுபடியும் முதலிலிருந்து.

இந்த ஆறு வருடமும் என் பெரியப்பா ஓயவில்லை. பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலுதட்டை மூடிய மீசை, வலது கன்னத்தில் மிளகு போல ஒரு மரு. எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "கேம் வந்துடுச்சா?" என்று கேட்பார். பந்தியே என் பதிலுக்காகக் காத்திருக்கும். கடைசியில் ஒரு நாள் தீர்ப்பே சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் கேம் வர வேண்டும், வந்தால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். வீம்புக்கு நானும் சரி என்றேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, 'நெரிசல்' இணையத்தில் விற்பனைக்கு வந்தது. அன்று சாயங்காலமே பெரியப்பா தன் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் அனைத்தையும் கூட்டிவிட்டார். குடும்பத்திலேயே பெரிய டிவி அவருடையது. எல்லோருக்கும் காபி வந்தது. பெரியப்பா நடுநாயகமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினேன்.

காலை வெயிலில் மலைக்கோட்டை எழுந்தது. "நம்ம ஊரேதான்" என்றாள் அம்மா. தெருமுனையில் முதுகு காட்டி நின்ற பூக்காரம்மா மெல்லத் திரும்பினாள்.

பெரியப்பா.

தலையில் கனகாம்பரம், அதே மீசை, அதே மரு. அவளைத் தாண்டினால் இளநீர்க்காரர் பெரியப்பா. எதிரே விசில் ஊதிய போலீஸ்காரர் பெரியப்பா. பட்டுப்புடவையில் வந்த மாமியும் பெரியப்பா, அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையும் பெரியப்பா. நான் கையில் பிடித்திருந்த சிறுமி, ரெட்டைப் பின்னலும் பாவாடையுமாக நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் மரு.

நடந்தது இதுதான். கூட்டத்தைச் சோதிக்க எங்களுக்கு ஏதாவது ஒரு முகம் தேவைப்பட்டது. முன்பு ஒரு நாள் எங்களைக் கண்காணிக்க அறைக்கு வந்த பெரியப்பாவை உட்கார வைத்து, ஜாகிர் நாலாபக்கமும் படமெடுத்திருந்தான். (தலை சீவிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.) பிறகு அவன் விதவிதமான முகங்களை வரைந்து முடித்தான். அவற்றை வெளியீட்டுப் பதிப்பில் சேர்க்க வேண்டியவள் நான். அவசரத்தில் சேர்க்கவில்லை. வேறு முகம் கிடைக்காத மென்பொருள், இருந்த ஒரே முகத்தை ஊர் முழுவதற்கும் மாட்டிவிட்டது.

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஒருத்தரையே சமாளிக்க முடியல. இத்தனை பேரை நான் என்ன பண்ணுவேன்?"

கூடம் வெடித்தது. என் சித்தப்பாவுக்குக் காபி மூக்கு வழியாக வந்தது. பெரியப்பா மட்டும் அசையவில்லை.

"நித்யா, நிறுத்து" என்றார்.

நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல வீட்டுப் பெண் நிறுத்தியிருப்பாள். ஆனால் ஆறு வருடமாக எல்லாப் பந்திகளிலும் விழுங்கியதெல்லாம் அந்த நிமிடம் மேலே வந்தது.

"நிறுத்த மாட்டேன் பெரியப்பா. வந்துடுச்சா வந்துடுச்சான்னு கேட்டீங்கல்ல. வந்துடுச்சு. முழுசாப் பாருங்க."

ஆடினேன். வரிசையாக நின்ற பெரியப்பாக்கள் எனக்குப் புடவை விரித்துக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான பெரியப்பாக்கள் என்னை நெருக்கித் தள்ளினார்கள். சிறுமியை விடவே இல்லை. மண்டபம் வந்தது, மேளம் கொட்டியது. மணமேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண், வெட்கத்தோடு மெல்ல முகம் தூக்கினாள். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, மீசை.

பெரியப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளே சரியான முகங்களைச் சேர்த்துப் புதுப் பதிப்பை ஏற்றினோம். அதன் பிறகுதான் உண்மையான கலவரம். வாங்கியவர்கள் எல்லோரும், அந்த மீசைக்காரர் எங்கே, அவர் இல்லாத கூட்டம் ஒரு கூட்டமா என்று எழுதித் தள்ளினார்கள். யாரோ கல்யாணப் பெண்ணின் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். பழைய முகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டாக வேண்டும். போனேன்.

ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை; வாய் வரவில்லை. பேப்பரை இறக்காமலேயே கேட்டார்.

"போலீஸ்காரனுக்கு எதுக்குத் தொப்பை வெச்சீங்க?"

"குறைச்சிடுறோம் பெரியப்பா."

"குறைச்சிட்டுப் போடு."

ஆடிட்டர் ஆபீஸ் பேச்சு அதோடு நின்றது. அந்த ஆடிட்டரே 'நெரிசல்' வாங்கி, மண்டபம் போய்ச் சேர முடியாமல் ஒரு வாரம் தவித்தார் என்று கேள்வி. நான் இப்போது அடுத்த கேமை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் தாமதம்தான். எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு, முடிந்ததும் வரும் என்று சொல்கிறேன். தலை குனிந்து சொல்வதில்லை.

பெரியப்பாவை மலைக்கோட்டைக் கடைவீதியில் கல்லூரிப் பையன்கள் அடையாளம் கண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். தலை சீவிக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலோ, "பொண்ணை அழைச்சிட்டு வாங்க" என்று மேடையிலிருந்து குரல் வந்ததும், மண்டபமே முன்வரிசைப் பக்கம் திரும்புகிறது. பெரியப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடி உட்காருகிறார். அதற்குப் பிறகுதான் பெண் வருகிறாள்.