பன்னிரண்டு மீனும் ஸ்டெபனியின் வெள்ளிக்கிழமையும்

மடு மாதா துணை

மோர்னிங்சைட், ரொறன்ரோ
15.11.1997

அன்புள்ள தம்பி அமிர்தநாதருக்கு அக்கா றோசலின் எழுதுவது,

கொட்டாஞ்சேனையில் நீரும் மச்சாளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. அந்தக் குறையும் உங்கள் இருவருக்கும் வரவேண்டாம். இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது தயவுசெய்து சிரிக்காதேயும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் இதற்குள் இருக்கிறது.

என் பேத்தி ஸ்டெபனி பள்ளிக்கூடம் போவதில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்புப் பாடங்களை என் மகள் பேர்ணடெற்தான் சமையல் மேசையில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். இங்கே வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சப்பேர் அப்படிச் செய்கிறார்கள். வீட்டில் முடியாத பாடங்களுக்கு மட்டும் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கோயிலின் பேஸ்மென்றில் கூடுவார்கள். கோயில் நம்முடையது அல்ல, வேறு சபை. ஆனாலும் நல்ல சனம். தாய்மாரே படிப்பிக்கிறார்கள். ஒரேயொரு சட்டம்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெரிய ஆள் ஒருவர் வந்து நாள் முழுக்க நின்று உதவ வேண்டும். ஆள் வராவிட்டாலோ, வந்த ஆள் உபத்திரவமாக இருந்தாலோ, பிள்ளைக்கு இடமில்லை. பேர்ணடெற்றுக்கு இப்போது வெள்ளியும் தொழிற்சாலையில் வேலை; மருமகன் வின்சன்ற் பிறம்ரனில் லொறியோடு; ஆகவே எங்கள் வீட்டுப் பெரிய ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு எங்கள் ஐயா என்னை மறித்ததும் உம்மைப் படிக்க அனுப்பியதும் நீர் அறிந்ததே. ஐம்பத்தைந்து வருடம் கழித்து நான் மறுபடி வகுப்புக்குப் போனேன், அதுவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு. டொக்டராக வேண்டும் என்று நிற்கிற பிள்ளைக்கு அந்த விஞ்ஞான வகுப்பை விட்டால் வேறு வழியில்லை என்பதால் முழங்காலைப் பாராமல் போனேன்.

நேற்று விஞ்ஞானம் படிப்பிக்கிற வில்மா ரீச்சர் ஒரு பெட்டியில் ஐஸ் போட்டுப் பன்னிரண்டு மீன் கொண்டுவந்து கோயில் குசினியில் வைத்தார். என்னிடம் தண்ணீர்க் குழாயைக் காட்டினார், பன்னிரண்டு தட்டைக் காட்டினார், சிரித்துவிட்டு மேலே செபத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை, மீன், தட்டு. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? வேறு சபையென்றாலும் வெள்ளிக்கு இறைச்சியை விட்டு மீன்தான் காய்ச்சுகிறார்கள், நல்ல பழக்கம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே பாண் வெட்டுகிற கத்தியை எடுத்து, நிலத்தில் பேப்பர் விரித்துக் குந்தி, செதில் சுரண்டி, செட்டை வெட்டி, செவுள் இழுத்து, குடலைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டு, மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் பிரட்டி, நடுத்துண்டு பொரிக்க, தலையும் வாலும் குழம்புக்கு என்று பிரித்துத் தட்டுகளில் அடுக்கிக் கடதாசியால் மூடினேன். கார்த்திகையில் கனடாவில் ஈ இல்லை, ஆனாலும் மூடினேன்.

பிறகு இருபத்துநாலு பிள்ளைகள் கையுறையும் கத்தரிக்கோலும் குண்டூசியுமாக வந்து மேசைகளைச் சுற்றி நின்றார்கள். வில்மா ரீச்சர் கடதாசியைத் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் மூடினார். கரும்பலகையில் முழு மீன் ஒன்றின் படம் அழகாகக் கீறியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அம்மம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்றாள் ஸ்டெபனி.

"மீன் வெட்டினனான்."

"அதைத்தான் நாங்கள் வெட்ட வந்தனாங்கள்."

"இருபத்துநாலு பேரும் சேர்ந்தோ?"

"உள்ளுக்கு இருக்கிறதைப் பாக்கத்தான், அம்மம்மா. அதுதான் இண்டைக்குப் பாடம். மாக்ஸ் போடுற பாடம்."

"உள்ளுக்கு இருக்கிறதைத் தின்னேலாது, பிள்ளை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் அந்த வகுப்புகளை நடத்துகிற குழுவின் தலைவி கொப்பியோடு நின்று ஏதோ எழுதினார். நான் நேரே போய்க் குப்பைப் பையை எடுத்துவந்து மேசையில் கொட்டினேன். ஒரு பெட்டை வெளியே ஓடினாள். நான் பிரித்துப் பிரித்து வைத்தேன்: இது இருதயம், இது ஈரல், இது மீன் மிதக்கிற காற்றுப்பை, இது சினை, இது கசப்புப்பை, இது உடைந்தால் சட்டியோடு கொட்ட வேண்டியதுதான், பன்னிரண்டிலும் ஒன்றுகூட உடையவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலிசில் பதில் சொல்கிற ஸ்டெபனி, பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றையும் அவர்களுக்குச் சொன்னாள். நான் நாலு சொல் சொல்ல அவள் நாற்பது சொன்னாள். இருதயம் மட்டும் பதினொன்றுதான் அகப்பட்டது. ஒரு மேசைக்கு இல்லை.

முடிவில் தலைவி ஸ்டெபனியிடம் நீளமாக ஏதோ பேசினார். "திங்கக்கிழமை கூடி முடிவெடுப்பினமாம்" என்று மட்டும் அவள் எனக்குச் சொன்னாள். பஸ்சில் வீடு வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி, அவர்கள் அனுப்பு முன்னம் நாமாக விலகுவதே மரியாதை. இனி அந்தப் படியை நான் மிதிக்கமாட்டேன். வின்சன்ற் உம்முடைய சொல்லுக்குத்தான் மசிவான். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அவனுக்கு உடனே ஒரு கடிதம் எழுதும். படிப்பை மறித்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஐயா ஒருவர் போதும்.

மச்சாளுக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்பாராக.

இப்படிக்கு,
உம்முடைய அக்கா றோசலின்

பி.கு.: முத்திரை வாங்கத் தாமதித்ததால் இன்று செவ்வாய். நேற்றுப் பின்னேரம் வில்மா ரீச்சர் ரெலிபோன் எடுத்தார், ஸ்டெபனிதான் கேட்டுத் தமிழில் சொன்னாள். ஸ்டெபனியின் இடத்துக்கு ஒரு குறையும் இல்லையாம். வருகிற வெள்ளி கணவாயாம். மைப்பை உடையாமல் எடுக்கத் தனக்குத் தெரியாதாம், றோசலின் முன்னுக்கு நின்று காட்டித் தரவேணுமாம். பிள்ளைகள் வருமட்டும் நான் குசினிக்குள் போகக்கூடாது என்பது நிபந்தனை, ஒத்துக்கொண்டேன். வின்சன்றுக்கு ஒரு வரியும் எழுதிவிடாதேயும். நீரும் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தீர், தம்பி. வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து உம்மை எந்தப் பள்ளிக்கூடமாவது கூப்பிட்டதா? சும்மா கேட்கிறேன்.