என் பெயரில் ஏழாண்டுக் கறுப்புப் புள்ளி

என் பெயருக்கு எதிரே இருந்த கறுப்புப் புள்ளி போன திங்கட்கிழமை அழிவதாக இருந்தது. ஏழு வருஷம்! காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக் காத்திருந்தேன்.

குற்றம்? போராட்டம். ஃபிரிட்ஜின் கடைசித் தவணையில், 'கையாளும் கட்டணம்' என்று நானூறு ரூபாய் சேர்த்தான் கடன் கம்பெனிக்காரன். "தவணையே தரமாட்டேன்" என்று தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒற்றை ஆளாக நின்று துண்டறிக்கை கொடுத்தேன். அவன் நோட்டீஸ்கூட அனுப்பவில்லை. பயந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஒரு வாரத்தில் என் மனைவி ஜெயக்கொடி, கீழ்க்கட்டளையில் மீன் விற்றுவிட்டு வந்தவள், சேதியோடு வந்தாள்.

"யோவ், கம்ப்யூட்டர்ல உன் பேருக்குக் கறுப்புப் புள்ளி வச்சிட்டாங்களாம். ஏழு வருஷம் அழியாதாம். உனக்குக் கடனும் இல்ல, உன் ஜாமீன் கையெழுத்தும் செல்லாதாம்."

சிறைக்குப் போன தலைவர்கள் நிமிர்ந்து நடக்கவில்லையா? நானும் நடந்தேன். கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்த இயக்கத் தோழர்களிடம், "இந்தத் துளசிங்கம் கறுப்புப் பட்டியலில் இருக்கிறான்!" என்று மார்தட்டினேன். பாதிப் பேர் அப்புறம் வரவே இல்லை. இயக்கம் என்னை மறந்தது, புள்ளி மறக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது! வங்கி வாசலில் தோழர் ஏகநாதன் மாலையோடு நின்றான். விடுதலையானதும் புல்லட் வாங்கக் கடன். அந்த வண்டியிலேயே ஊர்வலம்! ஜெயக்கொடியும் கூட வந்தாள். மேனேஜர் ஹேமாவதி கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"புள்ளி போயிருச்சா மேடம்?"

"எந்தப் புள்ளி சார்? உங்க ரிப்போர்ட் சுத்தமா இருக்கே. ஃபிரிட்ஜ் லோனை அந்த மாசமே முழுசா கட்டி முடிச்சிருக்கீங்க."

திரும்பினேன். ஜெயக்கொடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி கட்டினது?"

"நான்தான். நீ நோட்டீஸ் குட்த்துகினு நின்ன இடத்துக்கு எதிர்லதான அந்த ஆபீசு? போய்க் கட்டிட்டேன்."

"அப்ப ஏழு வருஷம்?"

"கட்டாதவனுக்கு ஏழு வருஷம்னு அங்க எய்தி ஒட்டியிருந்தான். நல்லா கீதேன்னு எட்த்துக்கினேன். பேப்பரைக் கண்டா கையெழுத்துப் போடுவ நீ. ரெண்டு தோழருக்குப் போட்ட ஜாமீன்ல என் ஆறு வளையலும் போச்சு. இந்த ஏழு வருஷத்துல இன்னா போச்சு, சொல்லு?"

என் தியாகம் போச்சு! கத்த வாயைத் திறந்தேன். அவள் ஒரு விண்ணப்பத்தை முன்னால் தள்ளினாள்.

"செம்பாக்கத்துல மீன் கடை வெக்கிறேன். கடன் என்னுது, ஜாமீன் உன்னுது. போடுய்யா."

"முடியாது!"

பேனாவைப் பார்த்தேன். கைக்கு ஏழு வருஷப் பட்டினி. மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன்.

"அடுத்து என் புல்லட், மேடம்?"

"இவ்ளோ பெரிய ஜாமீன் நிக்கும்போது கஷ்டம் சார். இந்த எண்பத்துநாலு மாசத் தவணையும் முடியட்டும்."

வெளியே வந்தோம். ஏகநாதன் மாலையைத் தூக்கினான். "விடுதலையா தோழர்?"

ஜெயக்கொடி சொன்னாள்: "ஏழு வருஷம் கழிச்சு எட்த்துகினு வாண்ணா."