புறங்கை அண்ணாச்சி உடைத்த கார்க் கண்ணாடி

சங்கரன்கோவிலில் வெயிலைத் திட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஒரு நாய்க்காக வெயிலோடு மல்லுக்கு நிற்கிற ஒரே பிரகிருதி எங்கள் தெருப் புறங்கை அண்ணாச்சிதான். விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்ற கவலை கிடையாது. கவலை முழுக்க ஜில்லு மேல். ஜில்லு என்பது ஒரு காது மடங்கிய பழுப்புத் தெருநாய். அந்த மூஞ்சிக்கு அந்தப் பெயரே அதிகம்.

சித்திரை பிறந்தால் கூத்து ஆரம்பமாகிவிடும். ஜில்லுவை வெளியே கூட்டிப்போகும் முன் அண்ணாச்சி நடுரோட்டில் குத்தவைப்பார். புறங்கையைத் தாரில் பதித்து, கண்ணை மூடி எண்ணுவார். பின்னால் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். கை சுட்டால் நாய்க்கும் கால் சுடுமாம், புறப்பாடு ரத்து. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், ரோட்டில் ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அடுத்த நொடி துள்ளினார். “பாத்தீரா வே” என்றார் அண்ணாச்சி என்னிடம், பரிசு வாங்கினவர் மாதிரி.

கல்யாண வீட்டுக்கும் ஜில்லு வரும். மாப்பிள்ளைக்கு வைத்த ஃபேனை இவர் மெல்ல ஜில்லு பக்கம் திருப்பிவிட, தாலி கட்டும்போது மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்தவர் போலச் சொட்டியதை இன்றும் வீடியோவில் பார்க்கலாம்.

என்னிடம் ப்ரூனோ என்று ஒரு லேப்ரடார் நாய். அது போதாதா? தினம் எனக்கு வகுப்பு. காலை ஆறு மணிக்கு முன்னால் நடத்தணும், மத்தியானம் பந்து எறியக்கூடாது, போகிற இடமெல்லாம் தண்ணீர் கொண்டுபோகணும். கால்நடை டாக்டராக முடியாத ஏக்கம் என்று தெருவில் சொல்லிச் சிரித்தேன்.

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், ஏர்கூலர் வாங்கப் போனேன். காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, ப்ரூனோவை உள்ளே விட்டுப் பூட்டினேன். ஐந்து நிமிடம்தான் என்று நினைத்தேன். கடைக்காரர் எட்டு மாடலைக் காட்டினார்.

வெளியே வந்தால் கூட்டம். காரின் பின்கண்ணாடி சுக்குநூறு. பக்கத்து டீக்கடைத் தரையில் ப்ரூனோ கிடந்தது. அண்ணாச்சி அதன் வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றித் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிழித்து அவர் முழங்கை வரை ரத்தம். நான் முதலில் கத்தியது கண்ணாடிக்காகத்தான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அவர் நிமிரவே இல்லை. “கண்ணாடி கடையில கெடைக்கும் வே. இது கெடைக்குமா? நாக்கப் பாரும்.”

பார்த்தேன். நாக்கு ரத்தச் சிவப்பாகத் தொங்கியது, கண் செருகியிருந்தது.

ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ப்ரூனோவின் தலை அவர் மடியில். நிழலில்தானே நிறுத்தினேன் என்று முனகினேன்.

“நெழலு நகந்து போவும்லா. இது கதவத் தொறந்து கூடவே போவுமா?”

சாயங்காலம் ப்ரூனோ எழுந்து நின்றது. முதலில் நக்கியது அவர் கையைத்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்காக அவரை மகான் என்று எழுதிவிட மாட்டேன். இப்போது கொடுமை இரண்டு மடங்கு. என் கார் எங்கே நின்றாலும் ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்க்கிறார். காலி கார் என்றாலும் எனக்குத் திட்டு விழுகிறது.

போன வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டோடு வந்தவர், “யாரு வே அது?” என்றார். கையைப் பிடித்துப் படியிறக்கினேன். கீழே வந்த பிறகும் விட மனசு வரவில்லை.