சேடில் பீக்கில் ஒரு கம்பளி பனியன்

"உள்ளே போட்டுக்கறது" என்ற சொல்லும் "ஹரிஹரன் சார்" என்ற பெயரும் தன் மனைவி வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்து விழுந்தபோது, பன்னீர்செல்வம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிட்ட துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"என்ன சொன்னே?"

"காட்டன் கூடாதாம். வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாவே நிக்குமாம். மலை ஏறும்போது உள்ளே போட்டுக்கறது உடம்போட ஒட்டினாப்பல இருக்கணும்னு ஹரிஹரன் சார் சொன்னார்." வைஜெயந்தி சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே சொன்னாள், ரேஷனில் சர்க்கரை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

குட்வில் எஸ்டேட் காலனியில் பதினான்கு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். பன்னீர்செல்வம் சாலைகளைக் கவனிக்கிற அரசு ஆபீஸில் சூப்பரின்டெண்ட். வைஜெயந்தி பள்ளிக்கூட நூலகர். காலனி நடைக்குழுவோடு அவள் வடகோடியில் இருக்கும் டிக்லிபூர் போய், இந்தத் தீவுகளிலேயே உயரமான மலையான சேடில் பீக்கில் ஏறப் போகிறாள். மலை மீது அவருக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. ஆட்சேபமெல்லாம் குழுவின் தலைவர் ஹரிஹரன் மீதுதான். மனிதர் கடலோரக் காவல்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பது தாண்டியும் தொப்பை என்ற ஒன்று அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தான்கள் நிம்மதியாக வாழ்ந்தன. பன்னீர்செல்வத்தின் நான்காவது பொத்தான் தினம் தினம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போய்வந்தது.

"அதுக்குப் பேரு பேஸ் லேயர்," என்றாள் வைஜெயந்தி.

"எனக்கா சொல்றே? பேஸ் லேயர்னா ஜல்லி. இருபத்திரண்டு வருஷமா அந்த ஃபைலைத்தான் பாக்கறேன். அடியில ஜல்லி, மேல தார். உனக்கு எதுக்கு ஜல்லி?"

"ரோட்டுக்கு ஜல்லி. உடம்புக்கு பாலியஸ்டர்."

"இதுவும் அவர் சொன்னதா?"

"ஆமா. தையல் தடிப்பா இருக்கக் கூடாதுன்னும் சொன்னார். அக்குள்ல உரசுமாம்."

அக்குள்! பன்னீர்செல்வம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

கல்யாணமாகி பத்தொன்பது வருஷம். எந்தப் புடவை எடுக்கலாம் என்று அவரிடம் அவள் ஒருநாளும் யோசனை கேட்டதில்லை. அவராகச் சொன்னால், அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்படிப்பட்டவள், வெளியே தெரியாத துணிக்குப் போய் வெளியாள் ஒருவரிடம் யோசனை கேட்கிறாள்! அன்று ஆபீஸில் ஒரு ஃபைலில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'உரிய உள்ளாடைக்கு' என்று எழுதிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் அடித்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வைஜெயந்தியின் ஃபோன் அடித்தது. மறுநாளும் அதே ஆறு மணி. அதற்கும் மறுநாள் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பன்னீர்செல்வம் ஹோஸ் குழாயோடு ஜன்னலுக்கு வெளியே, குரோட்டன்ஸ் தொட்டியருகே நின்றார்.

"சொல்லுங்க சார்... முழுக்கையா, அரைக்கையா?... ஓஹோ, அட்டை கடிக்குமா? அப்ப முழுக்கை... வெந்நீர்ல துவைக்கக் கூடாதா? அச்சா, அச்சா..."

நடுநடுவே கலகலவென்று சிரிப்பு வேறு. இந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! தொட்டி நிரம்பி, வாசல் நிரம்பி, தண்ணீர் பக்கத்து வீட்டு நீலாவதியின் படியில் ஏறியது.

"க்யா பாய் சாப்," என்றாள் நீலாவதி, "செடிக்கு நீச்சல் சொல்லித் தர்றீங்களா?"

அந்த இடத்திலேயே பன்னீர்செல்வம் முடிவெடுத்தார். மலைக்கு அவரும் போவார். மனைவி உள்ளே போடுவதை ஹரிஹரன் தீர்மானிக்கக் கூடாது, கட்டிய கணவன் தீர்மானிக்க வேண்டும். ஹரிஹரன் கனவிலும் பார்த்திராத ஒரு பேஸ் லேயரை வாங்கிக்கொண்டுவந்து, அந்த மனிதரின் பாலியஸ்டரைப் பல்லிளிக்க வைக்க வேண்டும்.

தென்கோடித் தீவில், கேம்பல் பேயில், அவருக்கு முத்துகிருஷ்ணன் என்று ஒரு சிநேகிதர் உண்டு. பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கு ஃபோன் போட்டார்.

"முத்து, உன்கிட்ட பேஸ் லேயர் இருக்கா?"

"இருக்காவா? பனிமலையில ட்யூட்டி பாத்தப்ப கொடுத்தது, கம்பளி. மேலயும் கீழயும் சேர்த்து ரெண்டு செட், பிரிக்காம அப்படியே கிடக்கு. ஏன்டா, இங்க அதைப் போட்டா மனுஷன் வெந்துருவானே!"

'பனிமலை' வரைக்கும் பன்னீர்செல்வத்தின் காதில் விழுந்தது. மிச்சம் விழவில்லை.

பார்சல் கப்பலில் வந்து சேர்ந்த அன்று, அதை வாங்கப் போகும்போது வைஜெயந்தி சொன்னாள்: "அப்படியே போஸ்ட் ஆபீஸ்லயும் என் பேர்ல ஒண்ணு வந்திருக்கு. எடுத்துட்டு வந்துடுங்க."

நூலகத்துப் புத்தகமாக இருக்கும் என்று அதையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார். முத்துகிருஷ்ணனின் பார்சலைக் கூடத்தில் பிரித்து, கம்பளி உருப்படிகளை சோபாவில் பரப்பினார். வைஜெயந்தி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஆட்டை உரிச்சுத் தைச்சாப்பல இருக்கு!"

"பட்டாளத்துச் சரக்கு. எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு வைஜி. ஹரிஹரன் சொன்னதைப் போடுவியா, நான் என் கையால கொண்டு வந்ததைப் போடுவியா?"

வேடிக்கையாகத்தான் கேட்க நினைத்தார். குரல் அவரைக் கேட்காமலே கொஞ்சம் கம்மிவிட்டது. வைஜெயந்தி போஸ்ட் ஆபீஸ் பார்சலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க உங்க கையால கொண்டு வந்ததைத்தான் போடுவேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

"இன்னொண்ணு. மலைக்கு நானும் வர்றேன்."

"வாங்களேன்," என்றவள், அவர் மனசு மாறுவதற்குள் ஃபோனை எடுத்துப் பெயரைக் கொடுத்துவிட்டாள். பன்னீர்செல்வம் அன்று பாத்திரமெல்லாம் தானே கழுவி வைத்தார்.

டிக்லிபூர் போகும் வழியில் ரங்கத் என்ற ஊரில் டீ குடிக்க வண்டி நின்றது. ஹரிஹரனுக்கும் வைஜெயந்திக்கும் நடுவில் பன்னீர்செல்வம் நின்று இரண்டு டீ குடித்தார். மறுநாள் விடிந்ததும் ஏற்றம். கம்பளியை மேலும் கீழும் மாட்டி, அதன்மேல் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். முதலில் கடற்கரையோரம் நடை. கால் மணி நேரத்தில் கம்பளிக்குள் இட்லிப் பானை கொதிக்கத் தொடங்கியது. முன்னால் வைஜெயந்தி மான்குட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தாள், கிளிப்பச்சை நிறத்தில், உடம்போடு ஒட்டின மெல்லிசான ஒரு முழுக்கைச் சட்டையில்.

"வைஜி! கம்பளி எங்கே?"

"வீட்டுல இருக்கு."

"நான் கொண்டு வந்ததைத்தான் போடுவேன்னு சத்தியம் பண்ணினியே!"

"அதைத்தான் போட்டிருக்கேன். போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து நீங்கதானே கொண்டு வந்தீங்க, உங்க கையால?"

பன்னீர்செல்வம் காலரை விரித்து உள்ளே ஊதிக்கொண்டே அவள் பின்னால் நடந்தார்.

காட்டுக்குள் ஏற்றம் செங்குத்தானது. பாதி வழியில் ஒரு மரவேரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முகம் செம்பருத்தியாகிவிட்டது. வழிகாட்டியாக வந்த வங்காளி அவர் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாதா, யே காஷ்மீர் நஹி ஹை!" இது காஷ்மீர் இல்லையாம்.

கழற்றலாம் என்றால் கம்பளி வேர்வையில் ஊறி, தோலோடு தோலாகிவிட்டிருந்தது. ஒரு கையை வைஜெயந்தி பிடித்தாள், மறு கையை ஹரிஹரன் பிடித்தார். கழுத்து தலையில் மாட்டிக்கொண்டது. அந்தக் கம்பளி இருட்டுக்குள்ளிருந்து, "சார், நீங்க உங்க பக்கம் நல்லா இழுங்க!" என்று தன் மனைவி அந்த மனிதருக்கு யோசனை சொல்வதைப் பன்னீர்செல்வம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு புதர் மறைவில் போய்க் கீழ்ப்பாதியைத் தானே கழற்றினார். அந்த மட்டில் மானம் பிழைத்தது.

ஹரிஹரன் பையிலிருந்து தன் மாற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு பாலியஸ்டர். தொப்பை மேல் டமாரத் தோல் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

"டைட்டா இருக்கே," என்றார் பன்னீர்செல்வம்.

"ஒட்டித்தான் சார் இருக்கணும். அப்பத்தான் வேர்வையை இழுத்து வெளியே விடும்."

கொஞ்ச நேரத்தில் உடம்பு காய்ந்தது. காற்று உள்ளே வந்தது. கால் தானாக நடந்தது. துணி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஆனாலும் உச்சிக்குப் போய்விட்டார். மரங்களுக்கிடையே கடல் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தீவின் ரோடுகளைக் காகிதத்தில் மட்டும் பார்த்தவர், வாயைத் திறந்தபடி நின்றார்.

இறங்கும்போது ஹரிஹரன் அவர் பக்கத்தில் வந்தார்.

"சார், மனசு உறுத்துது, சொல்லிடறேன். தினம் ஆறு மணிக்கு ஃபோன் பண்ணச் சொன்னது உங்க மிஸஸ்தான். நீங்க வீட்டுல இருக்கிற நேரமாப் பாத்து. துணியைப் பத்தி நான் எவ்வளவுதான் பேசறது? மூணாம் நாளே சரக்குத் தீர்ந்துபோச்சு. என் சட்டைக்குள்ள தைச்சிருக்கிற லேபிளைப் படிச்சேன். வெந்நீர்ல துவைக்காதே, இஸ்திரி போடாதேன்னு. அதுக்கும் சிரிக்கறாங்க சார்!"

பன்னீர்செல்வம் நின்றார். மூன்று வாரமாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்தது. அணைந்த இடத்தில் வேறொன்று பொங்கி வந்தது. இவ்வளவு பெரிய நாடகம் யாருக்காக? பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறமும், அவர் இல்லாமல் ஒரு மலை ஏற இவளுக்கு மனசு வரவில்லை! ஹரிஹரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்ச தூரத்தைப் பாட்டு முணுமுணுத்தபடி இறங்கினார்.

கடற்கரையில் வைஜெயந்தி ஒரு கட்டையில் உட்கார்ந்து, ஷூவுக்குள் போன மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பன்னீர்செல்வம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வைஜி, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஹரிஹரன் சொல்லிட்டார்."

"சொல்லிட்டாரா? அவர் வாயில எதுவும் நிக்காது."

"இவ்வளவும் என்னைக் கூட்டிட்டு வரத்தானே?"

"ஆமா."

"வாங்கன்னு நேரா ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையை மெதுவாகப் பிடித்தார்.

"அப்படி என்னடி ஆசை என் மேல?"

வைஜெயந்தி அடுத்த ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள்.

"பத்து பேர் சேர்ந்தாதான் வண்டி வரும்னுட்டாங்க. ஒன்பது பேர்தான் தேறினோம். காலனியில உங்களைத் தவிர மத்த எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன்."