தன் பாட்டுக்குத் தப்பி வந்த ஜாம் அண்ணை

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குத் தப்பி வந்தவர்களில் எத்தனையோ வகை உண்டு. ஷெல்லுக்குத் தப்பி வந்தவர்கள், ஆமிக்குத் தப்பி வந்தவர்கள். மாமியாருக்குத் தப்பி வந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியும். ஆனால் தான் எழுதிய பாட்டுக்கே தப்பி வந்து இங்கே ஒளித்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் ஜாம் அண்ணை.

அவர் சுவீடன்காரர். நல்ல உயரம், வைக்கோல் நிறத் தலைமயிர், அறுபது தாண்டிய வயது. உண்மைப் பெயர் எங்கள் வாயில் நுழைய மறுத்ததால் தெருவே அவருக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயர் வந்த அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். ரூ லூயி-பிளாங் தெருவில் குணம் அண்ணையின் சாப்பாட்டுக்கடையில் அப்போது நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு மாசி மாதக் குளிரில் இந்த மனிதர் அரைக் காற்சட்டையோடு உள்ளே வந்து, இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி, பிரெஞ்சில் பணிவாகக் கேட்டார்.

"இதற்கு ஜாம் இல்லையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஊரில் இறைச்சி உருண்டையைப் பழ ஜாமோடுதான் சாப்பிடுவார்களாம். காசுமேசைக்குப் பின்னாலிருந்து குணம் அண்ணை தலையை நீட்டினார்.

"என்னவாம்?"

"ரோல்ஸுக்கு ஜாம் வேணுமாம் அண்ணை."

"எங்கடை ரோல்ஸிலை என்ன குறை எண்டு கேள்!"

கேட்டேன். "ஜாம்தான் குறை" என்றார்.

அடுத்த நாள் தன் வீட்டு ஜாம் போத்தலையே கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டார். மூன்றாவது வாரம், கடையில் ஒருவரும் இல்லாத நேரம், குணம் அண்ணை ஒரு ரோல்ஸை அதில் தொட்டு வாயில் வைத்ததை நான் கண்டேன். "சீ!" என்றார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

பக்கத்துக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஜாம் அண்ணைக்கு ஓர் அறை. என்ன தொழில் என்று கேட்டால் "பாட்டு எழுதுகிறேன்" என்பார். நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. லா சப்பலில் பாட்டு எழுதாதவர் யார்?

தமிழ் படிக்க ஆசைப்பட்டு எங்கள் சமையல்காரர் சின்னராசாவைக் குருவாகப் பிடித்தார். சின்னராசா முல்லைத்தீவு ஆள், பொறுமைக்குப் பேர்போனவர் அல்லர். ஜாம் அண்ணையோ பாட்டெழுதும் புத்தியில், ஒரு சொல்லைக் கேட்டால் அதே ஓசையில் இன்னொரு சொல்லையும் தேடிப் பிடித்து, இரண்டையும் சோடியாகத்தான் மனப்பாடம் செய்வார். மனப்பாடம் பிழைக்காது. வாய் திறக்கும்போதுதான் சோடி மாறிவிடும்.

"சின்னராசா அண்ணை, ஒரு பிளேட் சேறும் நரியும்" என்று சோறும் கறியும் கேட்பார். பிட்டு கேட்க வந்த நாளில், "எனக்கு நல்ல சூடான குட்டு ஒண்டு தாங்கோ" என்றார்.

"கிட்ட வாங்கோ, தாறன்" என்றார் சின்னராசா, அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு.

இப்படி இரண்டு வருடம் போனபிறகு ஒரு மத்தியானம் வழி தவறிய சுவீடன் சோடி ஒன்று தோசை சாப்பிட வந்தது. ஜன்னலோரம் இருந்த ஜாம் அண்ணையைப் பார்த்ததும் அந்தப் பெண் வீரிட்டாள். கணவன் போனை உயர்த்தினான். இருவருமாக எழுந்து நின்று, கையைத் தட்டி ஏதோ பாடத் தொடங்கினார்கள். ஜாம் அண்ணை எழுந்தார், குசினிக்குள் பாய்ந்தார், பின்கதவால் மறைந்தார். சின்னராசா அதைப் பொலிஸ் சோதனை என்று நினைத்துத் தானும் பின்னால் ஓடினார். விசா சரியாக இருந்தும் ஓடினார். பழக்கம்.

அந்தப் பெண் எனக்குத் தன் போனில் காட்டினாள். மஞ்சள் காற்சட்டையும் தோள்வரை மயிருமாக, ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் துள்ளிக்கொண்டிருந்தார் எங்கள் ஜாம் அண்ணை.

மாலையில் அவரே வந்து பிரெஞ்சும் தமிழுமாக எனக்குக் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வயதில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, குடையை மறந்துவிட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி இருபது நிமிடத்தில் எழுதிய பாட்டாம் அது. நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. கலியாண வீட்டில் அது, ஐஸ் ஹாக்கி மைதானத்தில் அது. பிறகு தன் பெயரிலும் மற்றப் பாடகர்களுக்குமாக இருநூறு பாட்டு எழுதினார். எந்த மேடையில் ஏறினாலும் சனம் கத்தியது ஒன்றுக்குத்தான்: குடை, குடை! பாட்டுக்குழு உடைந்தது. ட்ரம்ஸ் அடித்தவர் படித்துப் பல் வைத்தியரானார்.

"அவனிட்டைப் பல்லுப் புடுங்கப் போனனான். வாயைத் திறக்கச் சொல்லிப்போட்டு அந்தப் பாட்டைப் போட்டான். அடுத்த கிழமை பாரிஸுக்கு வந்திட்டன்."

"ஏன் இஞ்சை, லா சப்பலுக்கு?"

"இந்தத் தெருவிலைதான் அந்தப் பாட்டு ஒருத்தருக்கும் தெரியாது. தம்பி, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

சத்தியம் செய்தேன். சின்னராசாவுக்கு மட்டும் சொன்னேன். நான்காம் நாள் தெருவுக்கே தெரிந்திருந்தது. ஆனால் லா சப்பலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: எங்களை அசைப்பது அவ்வளவு இலேசில்லை. மரக்கறி வாங்க வந்த ஒரு மாமி அவரை மேலும் கீழும் பார்த்து, "பேர்போன பாட்டுக்காரனெண்டால் ஏன் அரைக் காற்சட்டை?" என்று கேட்டதோடு விஷயம் முடிந்தது.

முடிந்ததென்றுதான் நானும் நினைத்தேன்.

போன வருடம் குணம் அண்ணையின் மகள் அபிராவுக்கு ஒபர்வில்லியே மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டி முடிந்து, மத்தியானப் பாட்டுக் கச்சேரிக்கு எல்லோரும் வந்தாயிற்று, கீபோர்ட்காரர் மட்டும் இல்லை. ரயில் ஓடாமல் அவர் ஆர்ஜொந்தெயில் நிற்கிறாராம். பட்டு வேட்டியோடு ஓடிவந்த குணம் அண்ணை, சாப்பாட்டு வரிசையில் நின்ற ஜாம் அண்ணையின் கையைப் பிடித்தார்.

"நீங்கள்தான் காப்பாத்த வேணும். வாசிப்பீங்களோ?"

"ஓம். ஆனால் என்ரை பாட்டை வாசிக்கமாட்டன்."

"உங்கடை பாட்டை ஆர் கேட்டது? எங்கடை பாட்டை வாசிச்சால் காணும்!"

நாற்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலும். மேடையில் ஏறும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். நன்றாகவும் வாசித்தார். கடையில் நாள் முழுக்க ஓடும் சினிமாப் பாட்டெல்லாம் அவர் விரலுக்குள் போயிருந்தது.

அரை மணி நேரம் கழித்து அபிரா எழுந்து மைக்கைப் பிடித்தாள். "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று தகப்பன் பதறினார்.

"லெஸ் முவா, பப்பா" என்றாள். விடுங்கோ என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அவள் அவருக்கு அதிகம் சொன்னது அதைத்தான்.

பிறகு ஜாம் அண்ணையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குடைப் பாட்டைச் சுவீடன் மொழியில் பாடத் தொடங்கினாள். நன்றி சொல்வதற்காக, போனைப் பார்த்து ஒரு மாதம் களவாய்ப் பழகினாளாம். சுருதி ஒரு பக்கம் போனது, சொல் இன்னொரு பக்கம் போனது. டோலக்காரர் அதற்குப் பைலா தாளம் போட்டார்.

ஜாம் அண்ணையின் கை கீபோர்டிலிருந்து விலகியது. என் வாயால் வந்த வினை. மேடையோரம் ஓடினேன்.

"அண்ணை, பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பேசாதேங்கோ" என்றார். "கேக்க விடுங்கோ."

அவர் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை மாமிமார் இடுப்பில் கைவைத்து ஆடினார்கள். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவேயில்லை. எல்லாக் கண்ணும் மணப்பெண்ணில்.

பாட்டு முடிந்ததும், அன்றைக்கு அரைக் காற்சட்டையைப் பற்றிக் கேட்ட மாமி மேடைக்கு வந்தார்.

"பிள்ளை என்ன மாதிரிப் பாடினவள்! உமக்கு அந்தப் பாட்டுத் தெரியுமோ தம்பி?"

"கொஞ்சம் தெரியும், அம்மா."

"அப்ப இன்னொருக்கா வாசியும்."

வாசித்தார். வாசித்தது மட்டுமல்ல, மெல்லப் பாடவும் செய்தார். மாமி இரண்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பிழையாய்ப் பாடுறீர். அபிரா பாடினதுதான் சரி."

ஜாம் அண்ணை ஒரு கணம் யோசித்தார். "ஓம் அம்மா, நான்தான் மாறிப் பாடிப்போட்டன்" என்று சொல்லி, அந்த வரியை அபிரா பாடியபடியே திருத்திப் பாடினார். அப்படி வயிறு குலுங்க அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

அதன்பிறகு எங்கள் தெருவில் அதற்குப் பெயர் அபிராவின் பாட்டு. எந்த விழாவிலும் அவரைப் பிடித்து, அபிராவின் பாட்டை வாசிக்கச் சொல்வார்கள். அவரும் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப்போலச் சந்தோஷமாக வாசிப்பார்.

இப்போது அவர் சுவீடனில். பழைய பாடகர்களைக் கூட்டி அங்கே ஏதோ நிகழ்ச்சி நடக்கிறது. முன்பென்றால் அழைப்பைக் கிழித்திருப்பார், இந்தமுறை தானே பெட்டி கட்டிக்கொண்டு போனார். பத்து நாளில் வருவதாகச் சொன்னவர் இன்னும் வரவில்லை. அங்கே கைதட்டலைக் கண்டு நின்றுவிடுவாரோ என்று குணம் அண்ணை நாளுக்கு மூன்று தரம் கேட்கிறார். எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுகிறேன்.

ஜாம் அண்ணைக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத்து வாசிக்க வராது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்: கெதியாய் வாருங்கோ அண்ணை, நீங்கள் இல்லாமல் எங்களுக்குச் சரிவரேல்லை.