டர்ன் டவுன் என்றால் இறங்கி வா

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஊரே நம்பியது. ஊர் நம்பியதில் தப்பில்லை. நானும் நம்பியதுதான் வினையாகப் போனது.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் பதினோராம் வகுப்பு தேறிய ஒரே ஆள் நான். (மூன்றாவது முயற்சியில். அது ஊருக்குத் தெரியாது.) மலையிறங்கி ஒடுகத்தூரில் குடியேறிவிட்ட உறவுக்காரர் ஒருவரின் மகள் சாந்தாவைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பதில் கடிதமாக வந்தது. சாந்தாவின் அப்பா குமாஸ்தா. சங்கடமான விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் கௌரவம் என்று நினைப்பவர்.

ஒரே வரி. "ரெக்ரெட். புரொபோசல் டர்ன்ட் டவுன்."

'ரெக்ரெட்' என்பதை 'ரிகார்ட்ஸ்', அதாவது அன்பு வணக்கம், என்று எழுத வந்து பிழை செய்துவிட்டார் என எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மன்னித்தேன். மீதிக்கு அகராதி பார்த்தேன். டர்ன் என்றால் திரும்பு. டவுன் என்றால் கீழே. மலைமேல் இருப்பவனுக்கு இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா?

"அப்பா, கீழ எறங்கி வரச் சொல்லிட்டாங்க!"

பூ, பழம், சாமை, புளி, ஒரு குடம் தேன் என்று பதினோரு பேர் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்து, மதியம் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றோம். எங்களைப் பார்த்ததும் சாந்தாவின் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இன்னாங்க, லெட்டர் வரலியா?"

"வந்துச்சுங்க மாமா. அதனாலதான் எல்லாரும் வந்துகிறோம்."

"அதுல இன்னா எழுதிகிறேன்?"

நான் முன்னால் வந்து, சொல் சொல்லாகப் பிரித்து, பதவுரையோடு விளக்கினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அதுக்கு வேணாம்னு அர்த்தம். மலைமேல பொண்ணு குடுக்க எனக்கு மனசு வரலப்பா."

எனக்கு உயிரே போய்விட்டது. (தேன் குடத்தோடு நின்ற அத்தை மட்டும், "இன்னா, தேனு வேணாமா?" என்றாள்.)

அப்போதுதான் உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம். அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. சாந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வேணாம்னு எழுதுனதையே வான்னு படிச்சிகிறாரு. இந்த ஆளோட இருந்தா எனக்கு இன்னா கஷ்டம்ப்பா வந்துடப் போவுது? நான் மேல போறேன்."

மாமா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். அன்றே தட்டு மாற்றினோம். கல்யாணத்துக்கு அவர் எனக்குக் கொடுத்த பரிசு, தலையணை தடிமனில் ஒரு அகராதி.

இன்றைக்கும் நான் இரண்டாவது காபி கேட்டால் சாந்தா, "டர்ன் டவுன்" என்பாள். உடனே பேத்தி உள்ளேயிருந்து கத்துவாள்: "தாத்தா, உன்னைக் கூப்புடுறாங்க! தேன் எடுத்துக்கினு கெளம்பு!"